பியானோ மென்பொருளின் ஒலித்தரத்தைக் கணிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மிடி கீபோர்டைக் கணினியில் இணைத்து வாசிக்க உதவும் பியானோ மென்பொருள்களை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க விரும்புவோருக்கான பக்கம் இது. தனி ஸ்வரம் ஒன்று எவ்வளவு அழகாக ஒலிக்கிறது என்பதைவிட, விரலும் காலும் மாறும்போது ஒலி எப்படி மாறுகிறது என்பதையே இங்கே தரத்தின் அளவுகோலாகக் கொண்டிருக்கிறோம். அழகான ஒரு ஸ்வரத்தைப் பதிவுசெய்து தருவது இன்று கடினமில்லை. அந்த மாற்றங்களைச் சரியாகத் தருவதுதான் கடினம்.

டெமோ பதிவுகளைக் கேட்டே முடிவெடுக்கலாமா?

கூடாது. பத்துப் பெயர்களை மூன்றாகக் குறைக்க வேண்டுமானால் டெமோ உதவும், அவ்வளவுதான். மெதுவான, பெடல் நிறைந்த, நடு ஸ்தாயியிலேயே உலவும் இசையில் பெரும்பாலான குறைகள் வெளியே தெரியாது. டெமோக்களில் பெரும்பகுதி அப்படிப்பட்ட இசைதான். அதன்மேல் ரிவெர்ப் (செயற்கை எதிரொலி), கம்ப்ரஸர் (சத்த ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது), ஈக்வலைஸர் (தொனியைத் திருத்துவது) எல்லாம் சேர்ந்திருக்கும். பெடல் இல்லாத ஸ்டக்காட்டோ (ஸ்வரங்களைத் துண்டு துண்டாக வாசிப்பது), ஒரே ஸ்வரத்தை வேகமாக மீட்டும் இடம், மிக மென்மையில் தொடங்கி முழு பலத்துக்கு ஏறும் இடம் ஆகிய மூன்றையும் டெமோவில் தேடுங்கள். பயன்படுத்திப் பார்க்கும் பதிப்பு கிடைத்தால், வரம்புகள் இருந்தாலும், அதை நிறுவிச் சோதிப்பதே நல்லது.

ஒப்பிடத் தொடங்கும் முன் எதைச் சரிசெய்ய வேண்டும்?

உங்கள் கீபோர்டின் வெலாசிட்டியை. கீயை எவ்வளவு வேகமாக அழுத்துகிறீர்கள் என்பது மிடியில் 1 முதல் 127 வரையிலான எண்ணாகச் செல்கிறது. மிடி மானிட்டர் (கீபோர்டு அனுப்பும் எண்களைக் காட்டும் நிரல்) ஒன்றைத் திறந்து வைத்து, முதலில் ஒலி வருமளவுக்கு மட்டும் மிக மென்மையாகவும், பிறகு இயல்பாகவும், கடைசியில் முழு பலத்தோடும் வாசித்து எண்களைப் பாருங்கள். மென்மைக்கு 30, பலத்துக்கு 100 என்று வந்தால், அந்தப் பியானோவை மிக மென்மையாகவும் மிகப் பலமாகவும் அடித்துப் பதிவுசெய்த சாம்பிள்கள் (நிஜப் பியானோவின் ஒலிப்பதிவுத் துண்டுகள்) உங்கள் காதுக்கு எட்டவே எட்டாது. “இந்த மென்பொருள் மங்கலாக ஒலிக்கிறது” என்ற குறைக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ஒலியில் குறை இருக்காது.

மென்பொருளின் வெலாசிட்டி வளைவைத் திருத்தி, மிக மென்மையான அடி 5–10 அளவிலும், இயல்பான அடி 60–75 அளவிலும், முழு பலம் 120க்கு மேலும் விழும்படி செய்யுங்கள். ஒவ்வொரு மென்பொருளுக்கும் வளைவைத் தனித்தனியாகச் சரிசெய்தாக வேண்டும். ஒன்றுக்குப் பொருந்தியது இன்னொன்றுக்குப் பொருந்தாது. அதன்பின் ரிவெர்ப், ஈக்வலைஸர், கம்ப்ரஸர் அனைத்தையும் அணைத்துவிடுங்கள். சாம்பிளோடு சேர்ந்தே பதிவான அரங்கத்தின் எதிரொலியை மட்டும் அணைக்க முடியாது. அத்தகைய மென்பொருளில் தந்திகளுக்கு மிக அருகில் வைத்த மைக்கின் ஒலியைத் தேர்ந்தெடுத்துக் கேளுங்கள்.

இரண்டு மென்பொருள்களின் சத்தத்தைச் சமப்படுத்துவது அவ்வளவு முக்கியமா?

ஆம். ஒன்று மற்றதைவிட ஒரு டெசிபல் உரக்க ஒலித்தாலே போதும். சத்தம் கூடியிருப்பதைக் காது உணராது. “இதில் நிறைவு அதிகம், தெளிவு அதிகம்” என்றே எடுத்துக்கொள்ளும். ஒரே மிடி கோப்பை இரண்டு மென்பொருளிலும் ஓட்டி ஆடியோவாக ஏற்றுமதி செய்து, இரண்டின் சராசரி ஒலியுரப்பை மீட்டரில் அளந்து, வேறுபாடு 0.2 டெசிபலுக்குள் வரும்வரை ஒன்றைக் குறைத்துக் கேளுங்கள்.

இதில் பலர் கவனிக்காத சிக்கல் ஒன்று உண்டு. ஒருவர் எந்தப் பியானோவின் ஒலியைக் கேட்டு வாசித்தாரோ, அந்த ஒலிக்கு ஏற்பவே அவர் விரல் அழுத்தமும் பெடலும் அமைந்திருக்கும். அந்த மிடி கோப்பை வேறு மென்பொருளில் ஓட்டினால் முதல் மென்பொருளே வெல்லும். ஆகவே இரண்டு மென்பொருளிலும் ஒவ்வொரு முறை வாசித்துப் பதிவுசெய்து, இரண்டு கோப்புகளையும் மாற்றி மாற்றி இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள்.

வெலாசிட்டி லேயர்கள் போதுமானவையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நிஜப் பியானோவில் பலமாக அடித்தால் சத்தம் மட்டும் கூடுவதில்லை. சுத்தியலின் கம்பளி வேகமாக மோதும்போது இறுகுகிறது. அதனால் மேல் ஹார்மோனிக்குகள் (அடிப்படை ஸ்வரத்தோடு சேர்ந்து எழும் உயர் அதிர்வுகள்) அதிகம் எழுந்து தொனியே கூர்மையாகிறது. சாம்பிள் பியானோக்கள் இதை ஒவ்வொரு ஸ்வரத்தையும் வெவ்வேறு பலத்தில் அடித்துப் பதிவுசெய்த லேயர்கள் மூலம் காட்டுகின்றன.

சோதனை இது: மிடி கோப்பில் மிடில் சி, அதாவது மிடி எண் 60, வெலாசிட்டி 1இலிருந்து 127 வரை ஒவ்வொன்றாக ஏறும்படி எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் 2 வினாடி கொடுத்தால் நான்கேகால் நிமிடத்தில் முடிந்துவிடும். ஆடியோவாக ஏற்றுமதி செய்து, ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித் துண்டாக்கி, எல்லாத் துண்டுகளையும் ஒரே உச்ச அளவுக்கு நார்மலைஸ் செய்து வரிசையாகக் கேளுங்கள். சத்த வேறுபாடு போய்விட்டதால் தொனி மாற்றம் மட்டுமே மிஞ்சும். நல்ல மென்பொருளில் தொனி சிறிது சிறிதாகக் கூர்மையாகிக்கொண்டே போகும். குறைந்த லேயர்கள் கொண்டதில் பத்துப் பதினைந்து ஸ்வரங்கள் ஒரே மாதிரி ஒலித்து, திடீரென்று தாவும். தாவல்களை எண்ணி ஒன்றைக் கூட்டினால் லேயர்களின் எண்ணிக்கையே தெரிந்துவிடும்.

தாவலை மறைக்கச் சில மென்பொருள்கள் அடுத்தடுத்த இரண்டு லேயர்களைக் கலந்து ஒலிக்கச் செய்கின்றன. அங்கே வேறு குறை வரலாம்: இரண்டு வெவ்வேறு பதிவுகள் ஒரே நேரத்தில் ஒலிப்பதால், நடுநிலை வெலாசிட்டிகளில் ஒலி லேசாக அலைபாயும் அல்லது உள்ளீடற்றதுபோல் ஆகும். மிடி எண் 36, 84 ஆகியவற்றிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். நடு ஸ்தாயிக்குப் பல லேயர்களும் ஓரங்களுக்குச் சிலவும் வைத்திருக்கும் மென்பொருள்கள் உண்டு.

எல்லாக் கீகளும் தனித்தனியாகப் பதிவானவையா என்று தெரிந்துகொள்ள முடியுமா?

88 கீகளையும் ஒரே வெலாசிட்டியில், எடுத்துக்காட்டாக 64இல், வரிசையாக ஒலிக்கச் செய்யுங்கள். ஒரு பதிவை மேலும் கீழும் சுருதி மாற்றி அண்டைக் கீகளுக்குப் பயன்படுத்தியிருந்தால், சுத்தியல் மோதும் ‘டக்’ ஒலியும் சேர்ந்தே மாறியிருக்கும். மூன்று ஸ்வரங்கள் ஒரே குணத்தில் ஒலித்து நான்காவதில் குணம் மாறும். ஓர் அரை ஸ்வரம் மேலும் கீழும் இழுத்தால் பெரும்பாலான காதுகளுக்குத் தெரியாது. மூன்று நான்கு அரை ஸ்வரங்கள் இழுத்தால் தெரியும். கீக்குக் கீ சிறு ஏற்றத்தாழ்வு நிஜப் பியானோவிலும் உண்டு. அதைக் குறையாக எண்ண வேண்டாம். பாட்டின் நடுவே ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் ஒவ்வொரு முறையும் துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். நாளடைவில் எரிச்சலூட்டுவது அதுதான்.

ஸ்வரம் நீடிக்கும் விதத்தில் எதைக் கேட்க வேண்டும்?

அடி ஸ்தாயியில் ஒரு கீயை அழுத்தி, ஒலி முற்றிலும் அடங்கும்வரை விடாமல் பிடியுங்கள். பெரிய கிராண்ட் பியானோவில் இது அரை நிமிடத்தைத் தாண்டும். உச்சியில் உள்ள கீகளில் ஒன்றிரண்டு வினாடிதான். இடம் மிச்சப்படுத்த, பதிவின் ஒரு பகுதியையே திரும்பத் திரும்ப ஓட்டும் மென்பொருளில் சில வினாடிகளுக்குப் பிறகு ஒலி ஒரே சீரான ரீங்காரமாகிவிடும். நிஜத் தந்தியில் ஒவ்வொரு ஹார்மோனிக்கும் தனக்கான வேகத்தில் அடங்குவதால் தொனி கடைசிவரை மாறிக்கொண்டே இருக்கும்.

நடு ஸ்தாயியில் இன்னொரு நுட்பம் உண்டு. அங்கே ஒரு கீக்கு மூன்று தந்திகள். அடித்தவுடன் மூன்றும் சேர்ந்தே அதிர்ந்து, பாலத்தின் (தந்திகளைத் தாங்கும் மரத்தின்) வழியே ஒலிப்பலகைக்கு ஆற்றலை வேகமாகக் கொடுத்துவிடுகின்றன. அவற்றின் சுருதியிலுள்ள நுண்ணிய வேறுபாட்டால் சற்று நேரத்தில் அதிர்வுகள் ஒன்றுக்கொன்று எதிராக விலக, பாலத்துக்குப் போகும் ஆற்றல் குறைந்து, மிச்ச ஒலி மிக மெதுவாகத் தேய்கிறது. இயற்பியலாளர் கேப்ரியல் வைன்ரைக் 1977இல் வெளியிட்ட ஆய்வில் இதை விளக்கினார். காதில் இது ‘முதலில் சட்டென்று இறங்கி, பிறகு பாடிக்கொண்டே நிற்கும்’ ஒலியாகக் கேட்கும். ஒரே சீராக இறங்கும் ஸ்வரத்தில் மெலடி வாசித்தால் உயிரற்று இருப்பதற்கு இதுவே காரணம்.

கீயை விடும்போது கேட்க ஏதாவது இருக்கிறதா?

நிறைய இருக்கிறது. முதலில், அடி ஸ்தாயியில் பலமாக ஸ்டக்காட்டோ வாசியுங்கள். தடித்த தந்தியை டேம்பரால் (கீயை விட்டதும் தந்தியில் படிந்து ஒலியை அடக்கும் கம்பளித் துண்டால்) நொடியில் நிறுத்த முடியாது. சிறு முனகல் மிஞ்ச வேண்டும். கத்தியால் வெட்டியதுபோல் நின்றால் அது வெறும் வால்யூம் இறக்கம்.

இரண்டாவதாக, ஒரு கீயை அடித்து உடனே விடுங்கள். பிறகு அதே கீயை அடித்து 10 வினாடி பிடித்திருந்து விடுங்கள். இரண்டாவது முறை தந்தியின் அதிர்வு ஏற்கெனவே தளர்ந்துவிட்டதால் விடும்போது எழும் ஒலியும் அதற்கேற்பக் குறைந்திருக்க வேண்டும். அடங்கிய ஸ்வரத்தை விட்டதும் திடீரென்று உரத்த ஒலி எழுந்தால், விடுபடும் ஒலியின் சாம்பிளை அந்த மென்பொருள் கணக்கில்லாமல் ஒட்டவைக்கிறது.

மூன்றாவதாக, உச்சியிலுள்ள ஏறத்தாழ ஒன்றரை ஸ்தாயிக்கு நிஜப் பியானோவில் டேம்பரே கிடையாது. அங்கே பெடல் இல்லாமல் ஸ்டக்காட்டோ வாசித்தாலும் ஒலி தானாக அடங்கும்வரை நீள வேண்டும்.

பெடலைச் சோதிப்பது எப்படி?

இங்கேதான் மென்பொருள்களுக்கிடையே மிகப் பெரிய வேறுபாடு தெரியும். அதிக நேரம் செலவிட வேண்டிய இடமும் இதுவே. சஸ்டெய்ன் பெடல் மிடியில் கன்ட்ரோலர் எண் 64 ஆகச் செல்கிறது. முதலில் மிடி மானிட்டரில் பெடலை மெதுவாக அழுத்திப் பாருங்கள். 0, 127 என இரண்டு எண்கள் மட்டுமே வந்தால் உங்களுடையது சுவிட்ச் வகைப் பெடல். அதைக்கொண்டு அரைப் பெடலை (பெடலைப் பாதி மட்டும் அழுத்துவதை) சோதிக்க முடியாது. காலை எடுத்தால் நீடித்து, அழுத்தினால் நின்றால், பெடலின் முனைவு தலைகீழாக இருக்கிறது. கீபோர்டை அணைத்து, பெடலைத் தொடாமல் மீண்டும் இயக்கினால் பல கீபோர்டுகளில் சரியாகிவிடும்.

பெடல் இல்லாமல் ஒரு ஸ்வரம், பெடலோடு அதே ஸ்வரம் அடித்துக் கேளுங்கள். பெடல் அழுத்தியபோது எல்லா டேம்பர்களும் உயர்ந்திருப்பதால் மற்றத் தந்திகளும் சேர்ந்து அதிர்ந்து, ஒலியைச் சுற்றி ஒரு விரிவு உண்டாக வேண்டும். இரண்டும் அச்சு அசலாக ஒன்றே என்றால், அந்த மென்பொருளுக்குப் பெடல் என்பது கீயை விடாமல் பிடித்திருப்பது மட்டுமே.

அடுத்து, அடி ஸ்தாயியில் பலமான கார்டு (ஒருசேர ஒலிக்கும் சில ஸ்வரங்கள்) ஒன்றை அடித்து, கைகளை எடுத்த மறுகணமே பெடலை அழுத்துங்கள். டேம்பர் முழுதாக அடக்குவதற்குள் மீண்டும் உயர்ந்துவிடுவதால் மிச்ச ஒலி பிடிபட்டு நீள வேண்டும்; இதுவே மறுபெடல். பல மென்பொருள்களில் இது வெறும் மௌனமாக முடியும். கார்டு கார்டாகப் பெடல் மாற்றி வாசிப்பவர்களுக்கு இசை துண்டு துண்டாகக் கேட்பது இதனால்தான்.

அரைப் பெடலில் அடி ஸ்தாயி ஓரளவு நீடிக்க, மேல் ஸ்தாயி விரைவில் அடங்க வேண்டும். இடது மென் பெடலுக்கு கன்ட்ரோலர் எண் 67. அதை அழுத்தும்போது சத்தம் மட்டும் குறைந்தால் போதாது, தொனி மாற வேண்டும்.

ஒத்ததிர்வு உண்மையானதா, வெறும் ரிவெர்ப்பா?

சி4 (மிடில் சி) கீயை ஒலி எழாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதற்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள சி3 கீயைப் பலமாக அடித்து உடனே விடுங்கள். சி4 தந்தி மெல்ல ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு சி4க்குப் பதில் ஜி4 கீயைப் பிடித்துச் செய்யுங்கள். சி3 ஏறத்தாழ 130.8 ஹெர்ட்ஸ், அதன் மூன்றாவது ஹார்மோனிக் 392 ஹெர்ட்ஸ் அருகே, அதாவது ஜி4 இருக்கும் இடத்தில் விழுகிறது. ஆகவே ஜி4 ஒலிக்க வேண்டும். கடைசியாக, சி4க்கு அடுத்த கறுப்புக் கீயைப் பிடித்துச் செய்யுங்கள். அது கிட்டத்தட்ட மௌனமாக இருக்க வேண்டும். எந்தக் கீயைப் பிடித்தாலும் ஒரே மாதிரி மூட்டம் எழுந்தால் அது ஒத்ததிர்வு அல்ல. ஒலி எழாமல் அழுத்துவது உங்கள் கீபோர்டில் முடியாவிட்டால், மிடி கோப்பில் அந்தக் கீயை வெலாசிட்டி 1இல் எழுதி, சில வினாடி கழித்து சி3 அடியை வையுங்கள்.

ஒரே ஸ்வரத்தை வேகமாக மீட்டினால் இயந்திரத்தனமாகக் கேட்கிறதே?

ஒரே வெலாசிட்டியில் ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஒலிப்பதால் வருவது அது. அடிக்கு ஒரு பதிவு என்று மாற்றி மாற்றி ஒலிக்கும் மென்பொருளில் இது குறையும். பெடலை அழுத்திக்கொண்டு ஒரே கீயைப் பத்து முறை வேகமாக அடித்தும் பாருங்கள். நிஜத் தந்தியில் ஒவ்வொரு அடியும் முந்தைய அதிர்வைக் கலைத்தே புதிதாக எழுகிறது. சாம்பிள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் மென்பொருளில் ஒலி வீங்கிக்கொண்டே போகும், அல்லது சுழல்வதுபோல் திரியும்.

சாம்பிள் வகை நல்லதா, கணக்கீட்டு வகை நல்லதா?

சாம்பிள் வகை நிஜப் பியானோவின் பதிவுகளை ஒலிக்கச் செய்கிறது. கணக்கீட்டு வகை சுத்தியல், தந்தி, ஒலிப்பலகை ஆகியவற்றின் இயற்பியலை அந்தந்த நொடியிலேயே கணக்கிட்டு ஒலியை உருவாக்குகிறது. மோடார்ட் நிறுவனம் 2006இல் வெளியிட்ட பியானோடெக் இதில் நன்கு அறியப்பட்டது. வெலாசிட்டி தாவல், மீட்டல், அரைப் பெடல், மறுபெடல், ஒத்ததிர்வு ஆகியவற்றில் கணக்கீட்டு வகையே முன்னிற்கிறது. தனி ஸ்வரத்தின் தொடக்க அடியிலும் மரத்தின் தன்மையிலும் நல்ல சாம்பிள் தொகுப்பு காதுக்கு இன்னும் நம்பகமாக இருக்கிறது. தினமும் பயிற்சி செய்பவருக்குக் கணக்கீட்டு வகையையும், முடித்த பதிவில் குறிப்பிட்ட பியானோவின் குணம் வேண்டுபவருக்குச் சாம்பிள் வகையையும் பரிந்துரைப்போம்.

கோப்பின் அளவு பெரிதாக இருந்தால் தரமும் அதிகமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ பதிவுக்கு வினாடிக்கு 2,88,000 பைட் வேண்டும். 88 கீ, 16 லேயர், சராசரி 15 வினாடி என்றால் சுமார் 6 ஜிபி. மூன்று மைக் நிலைகள் சேர்த்தால் 18 ஜிபி. பெடலோடு தனியாகப் பதிவுசெய்தால் 36 ஜிபி. அதாவது பருமனின் பெரும்பகுதி மைக் நிலைகளிலிருந்தே வரக்கூடும். நீங்கள் ஒரே மைக் நிலையை மட்டும் பயன்படுத்தினால் மற்றவை வட்டை அடைத்துக்கொண்டிருப்பவைதான்.

மென்மையாக வாசிக்கும்போது பின்னணியில் இரைச்சல் கேட்பது ஏன்?

ஒவ்வொரு சாம்பிளிலும் பதிவு அறையின் இரைச்சல் சிறிது இருக்கும். பெடலோடு 10 ஸ்வரங்கள் சேர்ந்து ஒலித்தால் அந்த இரைச்சல் 10 டெசிபல் உயரும். ஹெட்போனில் மென்மையான கார்டுகளை அடுக்கி, அடங்கும்வரை கேட்டுச் சோதியுங்கள்.

ஹெட்போனில் கேட்பதா, ஸ்பீக்கரிலா?

இரண்டிலும். ஸ்பீக்கரில் குறிப்பிட்ட ஓர் அடி ஸ்வரம் மட்டும் முழங்கினால், அதை ஹெட்போனில் கேளுங்கள். அங்கே முழங்காவிட்டால் குறை உங்கள் அறையில் இருக்கிறது. டிஜிட்டல் பியானோவில் உள்ளமைந்த ஸ்பீக்கர் வழியே மென்பொருளைக் கேட்டு மதிப்பிட வேண்டாம். அந்த ஸ்பீக்கர் அக்கருவியின் சொந்த ஒலிக்காகவே சீரமைக்கப்பட்டது. புளூடூத் ஹெட்போனின் தாமதம் பொதுவாக 100 மில்லிவினாடியைத் தாண்டுவதால் வாசித்துப் பார்க்க அது உதவாது.

ஒருமுறை மோனோவாக்கியும் (இரு பக்க ஒலியையும் ஒன்றாகச் சேர்த்தும்) கேளுங்கள். ஸ்டீரியோவில் விரிந்து ஒலித்த பியானோ மோனோவில் மெலிந்து, சில ஸ்வரங்கள் பின்வாங்கினால், மைக்குகளின் பதிவுகள் ஒன்றையொன்று ரத்து செய்கின்றன. தனியாக வாசிப்பவருக்கு இது பெரிய இடைஞ்சல் இல்லை. பாடலின் கலவையில் பயன்படுத்துபவர் அத்தகைய மென்பொருளைத் தவிர்ப்பது நல்லது.

தாமதத்தால் ஒலி மோசமாகத் தோன்றுமா?

தோன்றும். தாமதம் கூடினால் கீ கனமாகவும் ஒலி மழுங்கியதாகவும் உணர்வோம். கணினி ஒலியை பஃபர் என்னும் சிறு தொகுதிகளாகச் சேர்த்தே வெளியிடுகிறது. 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் (இங்கே ஒலி அளவீட்டுப் புள்ளி) பஃபர் 2.7 மில்லிவினாடி, 256 என்றால் 5.3; 512 என்றால் 10.7. இதோடு ஆடியோ கருவியின் தாமதமும் சேரும். மொத்தம் 10 மில்லிவினாடிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் கருவிக்குரிய ஏசியோ டிரைவரை (தாமதத்தைக் குறைக்கும் ஆடியோ டிரைவரை) பயன்படுத்துங்கள்.

படபட ஒலியும் ஸ்வரங்கள் அறுபடுவதும் மென்பொருளின் குறையா?

பெரும்பாலும் இல்லை. பஃபரைக் கூட்டியதும் போய்விட்டால் செயலி திணறுகிறது. முதல் முறை அறுபட்டு, அதே ஸ்வரம் இரண்டாம் முறை சரியாக வந்தால் வட்டின் வேகம் போதவில்லை. சாம்பிள்களை எஸ்எஸ்டிக்கு மாற்றி, முன்கூட்டி ஏற்றும் அளவைக் கூட்டுங்கள். பெடலோடு வாசிக்கையில் பழைய அடி ஸ்வரங்கள் காணாமல் போனால் பாலிஃபனி (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஸ்வரங்களின் எண்ணிக்கை) வரம்பை உயர்த்துங்கள். பலமான கார்டில் மட்டும் கரகரத்தால் வெளியீடு உச்சத்தைத் தாண்டுகிறது. மென்பொருளின் வெளியீட்டை 6 டெசிபல் குறையுங்கள். பியானோ முழுவதும் ஏறத்தாழ ஒன்றரை அரை ஸ்வரம் ஏறி ஒலித்தால், 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவு 48இல் ஓடுகிறது. அமைப்புகளில் இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

விருப்பு வெறுப்பில்லாமல் ஒப்பிட என்ன வழி?

பெயரை மறைத்துக் கேட்பதுதான். சமப்படுத்திய இரண்டு பதிவுகளை ஏபிஎக்ஸ் மென்பொருளில் ஏற்றி, மூன்றாவதாக ஒலிப்பது இரண்டில் எது என்று 16 முறை சொல்லிப் பாருங்கள். 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால், அது குருட்டுப்போக்கில் அமைய 4 சதவீத வாய்ப்பே உண்டு. வேறுபாடு உங்கள் காதுக்குத் தெரிகிறது என்று கொள்ளலாம். ஆனால் இந்தச் சோதனை கேட்பவருக்குரியது. விரலுக்கு ஒலி எப்படிப் பதில் சொல்கிறது என்பதை இது காட்டாது. அதற்கு, மென்பொருளின் பெயர் திரையில் தெரியாதபடி வேறொருவரை மாற்றித் தரச் சொல்லி வாசித்துப் பாருங்கள்.

இலவச மென்பொருள் போதுமா?

தொடங்குவதற்கும் ஒப்பீட்டு அளவுகோலுக்கும் தாராளமாகப் போதும். சாலமாண்டர் கிராண்ட் பியானோ யமஹா சி5 பியானோவின் இலவசப் பதிவு. 16 வெலாசிட்டி லேயர்கள் உண்டு. மூன்று அரை ஸ்வரத்துக்கு ஒன்றாகப் பதிவாகியிருப்பதால், மேலே சொன்ன சுருதி இழுப்புச் சோதனைக்கு நல்ல எடுத்துக்காட்டும்கூட. ஸ்ஃபிஸ் (sfizz) அல்லது ஸ்ஃபோர்ஸாண்டோ போன்ற இலவச பிளேயரில் அதை ஏற்றி, இந்தச் சோதனைகள் அனைத்தையும் அதில் முதலில் செய்துவிடுங்கள். பிறகு விலை கொடுக்கவிருக்கும் மென்பொருளில் அதே கோப்புகளை ஓட்டுங்கள். எந்தச் சோதனையில் அது முந்துகிறது என்று குறித்து வையுங்கள். அது முந்தும் இடங்கள் நீங்கள் வாசிக்கும் இசைக்குத் தேவைப்படாதவை என்றால் வாங்க வேண்டியதில்லை.